முப்பத்தாறு புள்ளி ஐந்து

ஆகஸ்ட் 5, திங்கள்

பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்துவிட்டது. கோவில்பட்டியில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்திருக்கிறேன். ஃபேன் சுற்றுகிறது, காற்றைத்தான் காணோம்.

வந்த வேலையை எழுதிவைத்துவிடுகிறேன். எங்கள் கம்பெனி கோயம்புத்தூரில் குழந்தை வார்மர் செய்கிறது. குறைமாதக் குழந்தைகளைப் படுக்க வைத்தால் மேலிருந்து ஹீட்டர் சூடு கொடுக்கும். வயிற்றில் ஒட்டிய சின்ன சென்சார் உடம்புச் சூட்டைச் சொல்லும். உள்ளே இருக்கும் போர்டு அதைப் பார்த்து ஹீட்டரைக் கூட்டும், குறைக்கும். அந்த போர்டுக்குள் ஓடும் புரோகிராம்தான் என் பிழைப்பு. இங்கே ஒரு நர்ஸிங் ஹோமில் போன மாதம் ஒரு குழந்தை வார்மரில் படுத்தபடியே சில்லிட்டுப்போயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றிவிட்டார்கள். அன்று டியூட்டியில் இருந்த பிரிசில்லா என்ற நர்ஸ் மெஷினை அணைத்துவிட்டு மறந்துவிட்டார் என்று சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். அந்த மத்தியானம் ஆஃப் செய்து ஆன் செய்தது மெஷினிலேயே பதிவாகியிருக்கிறது. அவரோ மெஷின்தான் நின்றது என்கிறார். பதினான்காம் தேதி விசாரணை. அதற்குள் நான் மெஷினைப் பரிசோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் அவர் வேலை நிற்பதும் போவதும். இந்தக் காரணத்துக்காக வேலை போனால் அப்புறம் வேறு எந்த ஆஸ்பத்திரியும் அவரைச் சேர்க்காது.

என்னைக் கேட்டால், அணைத்திருப்பார். மனுஷி மறப்பாள், மெஷின் மறக்காது.

செழியன் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்ட் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டான். யாரையும் தொட விடாத அவனுடைய நல்ல கேபிளையே கொடுத்தனுப்பினான். "சும்மா ஒரு நாள் ஓட்டிப் பாத்துட்டு, மெஷின்ல குத்தமில்லைனு எழுதிக் குடுத்துட்டு வந்துரு மங்கை. மண்டையப் போட்டு ஒடைச்சுக்காதே" என்றான். பல வருஷமாக ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். வார்மர் புரோகிராமில் பாதி அவன் எழுதியது. இப்போது சர்வீஸ் பிரிவையும் அவன்தான் பார்க்கிறான். எனக்கு ஜன்னல் சீட் கிடைக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனான். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

டாக்டர் பரமசிவன்தான் நர்ஸிங் ஹோமின் சொந்தக்காரர். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மேடம், எனக்கு ஒரே பதில்தான் வேணும். மெஷினா, ஆளா? எதுவானாலும் எழுதிக் கொடுங்க. குழந்தையோட அப்பா தினம் வந்து வாசல்ல நிக்கிறாரு. என்னால முகம் பார்க்க முடியல" என்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

வார்மரைக் குழந்தைகள் வார்டை ஒட்டிய ஸ்டோர் ரூமில் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் குளுக்கோஸ் பெட்டிகள், இன்னொரு பக்கம் உடைந்த ஸ்ட்ரெச்சர், நடுவில் நான். மூடியைக் கழற்றி போர்டை வெளியே தெரிய வைத்தேன். அதன் ஓரத்தில் சின்ன கனெக்டர் ஒன்று இருக்கிறது. அதுதான் சீரியல் லைன். கேபிளின் ஒரு முனை அதில், மறுமுனை என் லேப்டாப்பில். லேப்டாப்பில் டீபக்கர் என்று ஒன்று ஓடும். இரண்டும் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டால் போர்டை நட்டநடுவில் நிறுத்தி, இப்போது எந்த வரியில் நிற்கிறாய், கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கலாம். கேட்டு முடித்ததும் போ என்று விட்டுவிடலாம்.

இதற்கு எங்கள் கம்பெனியில் ஒரு முறை உண்டு. முதலில் ரீசெட், அப்புறம் கேபிள். பழைய கேபிள்கள் இருந்த காலத்தில் ரீசெட் செய்யாமல் செருகினால் லைன் பிடிக்காது. அந்தக் கேபிள்கள் போய்விட்டன, பழக்கம் மட்டும் எல்லோர் கையிலும் ஊறிக் கிடக்கிறது. சாப்பிட உட்காரும் முன் கை கழுவுகிற மாதிரி.

குழந்தைக்குப் பதிலாக ஒரு சலைன் பாட்டிலைத் துண்டில் சுற்றி, சென்சாரை ஒட்டிப் படுக்க வைத்தேன். சாயங்காலம் வரை 36.5-ஐ விட்டு அசையவில்லை. ஒரு குறையும் இல்லை.

நாலு மணி வாக்கில் வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. நீலச் சேலை, ஐம்பது வயது இருக்கும்.

"கம்பெனி மேடமா?"

"ஆமாங்க. நீங்க?"

"மெஷின அணைச்ச நர்ஸு. உள்ள வரக் கூடாதுன்னு உத்தரவு, அதான் வாசல்லயே நிக்கேன்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும் கேட்டேன். "நீங்க ஆஃப் பண்ணலைங்களா?"

"பண்ணுனேன். பிள்ளை சில்லுன்னு ஆன பெறகு பண்ணுனேன். அதுக்கு முன்னால 36.5-ன்னு வெளிச்சம் போட்டுக் காட்டிக்கிட்டு இருந்துச்சு உங்க மெஷினு. தொட்டுப் பாத்தா பிள்ளை ஐஸு. எதை நம்பச் சொல்லுதீங்க?"

குழந்தை குளிர்ந்தால் நம்பர் இறங்கும், அலாரம் அடிக்கும், அப்படி ஆக வழியே இல்லை என்று பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆச்சுல்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விளக்கம் சொன்னவளுக்கு ஒரு மரியாதைகூட இல்லை.

ஆகஸ்ட் 7, புதன்

இன்றும் ஒழுங்காக ஓடியது. செழியன் மெயிலில் வார்மர் புரோகிராமுக்கு ஒரு புது வெர்ஷன் அனுப்பியிருக்கிறான். "இதை ஏத்தீட்டுக் கிளம்பிரு, சின்னச் சின்னத் திருத்தம்தான்" என்று ஒரு வரி. என்ன திருத்தம் என்று எழுதாமல் எந்த வெர்ஷனையும் நான் ஏற்ற மாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். கேட்டேன். "அப்புறம் சொல்றேன், மொதல்ல ஏத்து" என்றான். அப்புறம் சொன்னால் அப்புறம் ஏற்றுகிறேன் என்று வைத்துவிட்டேன். கொஞ்சம் வீம்புதான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அறிக்கையை எழுதி முடித்துவிட்டேன். அனுப்பும் முன் பிரிசில்லா சிஸ்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆயாவிடம் சொல்லி அனுப்பினேன், வந்தார். வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னேன். வாசல் உள்ளே ஆகாது அல்லவா.

"குழந்தை சில்லுனு இருக்குதுன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குங்க மெஷினை ஆஃப் பண்ணுனீங்க?"

"உங்க ஆளுவதான் பண்ணச் சொன்னாவ."

"எந்த ஆளுங்க?"

"மெஷின் முதுகுல போன் நம்பர் ஒட்டியிருக்குல்லா. பிள்ளைய நெஞ்சோட அணைச்சுத் துணியச் சுத்திக்கிட்டு, ஒத்தக் கையால போன் போட்டேன். ஒரு தம்பி எடுத்தான். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சிஸ்டர், சரியாயிரும்'னான். பண்ணுனேன். சரியாயிட்டு. அதையே இப்ப சாட்சின்னு எடுத்து எம் மூஞ்சில வீசுதீங்க."

அந்த போனை எடுப்பவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் தெரியும். சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான்.

"எம் மவளும் நர்ஸிங் படிக்கா" என்றார். "'அந்த கோவில்பட்டி நர்ஸு உங்கம்மாவா'ன்னு கிளாஸ்ல கேக்காவளாம். அவ என்ன பதில் சொல்லுவா சொல்லுங்க. நான் எத்தனை பிள்ளையத் தூக்கியிருப்பேன் இந்தக் கையில. ஒண்ணு, ஒரே ஒண்ணைச் சாகக் குடுக்கப் பாத்தேன்னு பேரு வந்துட்டு."

அன்று வேறென்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்டேன். பக்கத்துக் குழந்தைக்குச் சளி எடுக்க சக்‌ஷன் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம். மற்றபடி வழக்கம்போல.

செழியனுக்கு போன் செய்து, சர்வீஸ் லைனில் அப்படிச் சொன்னார்களா என்று கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க மங்கை. தப்பு பண்ணுனவங்க கம்பெனி மேல பழி போடறது புதுசா? புது வெர்ஷன் ஏத்தீட்டியா?" என்றான். இரண்டு நாளாக இதே கேள்வி. பாவம், அவனுக்கும் மேலே முதலாளி நெருக்கடி கொடுப்பார்.

அறிக்கையை அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

காலையில் பல் துலக்கும்போதுதான் உறைத்தது. செவ்வாயிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பது கேபிள் செருகிய மெஷினை. அன்று குழந்தை படுத்திருந்தபோது அதில் கேபிள் இல்லை. இதைக்கூட யோசிக்காமல் குறையில்லை என்று எழுதத் துணிந்திருக்கிறேன். கேபிளைக் கழற்றினேன். டாக்டரிடம் கேட்டு அந்த சக்‌ஷன் மெஷினையும் வாங்கிப் பக்கத்தில் ஓடவிட்டேன். கர்ரென்று காதைத் துளைக்கிற சத்தம். தாங்க முடியாமல் சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் டிஸ்ப்ளேயில் 36.5. சக்‌ஷனை நிறுத்தினேன். ஹீட்டர் பக்கம் கையைக் கொண்டுபோனேன், அனலே இல்லை. துண்டை விலக்கி பாட்டிலைத் தொட்டேன். குளிர்ந்து கிடந்தது. டிஸ்ப்ளே அதே 36.5.

ஆச்சுல்லா என்று அவர் சொன்னது காதில் கேட்டது. கேபிளைக் கையில் எடுத்தேன். என்ன ஏது என்று யோசிக்கும் முன்பே இன்னொரு கை ரீசெட்டை அழுத்திவிட்டது. முதலில் ரீசெட், அப்புறம் கேபிள். அவ்வளவுதான். போர்டு புதிதாக எழுந்து, ஒன்றும் அறியாத மாதிரி ஹீட்டரைப் போட்டது. உள்ளே என்ன நடந்தது என்பதற்கு இருந்த ஒரே தடயத்தை நானே துடைத்துவிட்டேன்.

அவர் ஆஃப் செய்து அழித்ததும் நான் ரீசெட் செய்து அழித்ததும் ஒன்றுதான். அவருக்காவது அப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்ற நியாயம் இருக்கிறது. நான் சொல்லிக் கொடுக்கிற கூட்டத்தில் இருப்பவள்.

ஆகஸ்ட் 10, சனி

நாள் முழுக்க சக்‌ஷன் சத்தம், தலைவலி. மெஷின் நிற்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்றும் நிற்கவில்லை. ஒரு மெஷின் கெட்டுப்போக வேண்டுமே என்று நான் சாமி கும்பிட்டது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை.

பிரிசில்லா சிஸ்டர் சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்தார். தூக்குவாளியில் பிரியாணி. லாட்ஜ் சாப்பாட்டைத் தின்று தின்று என் மூஞ்சி எப்படி இருக்கிறதோ, பார்த்ததும் "என்னத்த சாப்பிடுதீங்க, இப்படிக் காஞ்சு கிடக்கீங்க" என்றார். வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். நான் வந்ததிலிருந்து அவர் சிரித்துப் பார்க்கவில்லை.

"அப்ப நீங்க கண்ணால பாத்துட்டீங்க."

"பாத்துட்டனுங்க. ஆனா ஏன்னு காட்டுனாத்தானே மத்தவங்க நம்புவாங்க."

"எனக்கு ஒரு ஆளு நம்புனாப் போதும்னு இருந்துச்சு இத்தன நாளா" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆயாவைக் கூப்பிட்டு பிளாஸ்திரி வாங்கி, வாசலில் நின்றபடியே ஒரு துண்டு கிழித்து என்னிடம் நீட்டினார். "அந்தப் பொத்தான் மேல ஒட்டுங்க. உங்க கைய நம்ப முடியாது." ஒட்டினேன்.

கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். யாரும் மனசில் உண்டா என்று கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். "இப்ப போன்ல பேசுனீங்களே, அந்த ஆளு யாரு, எடுத்ததும் குரலே மாறுதே" என்றார். நர்ஸ்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நின்றது.

பதினோரு மணி இருக்கும். 36.5, ஹீட்டரில் அனல் இல்லை, பாட்டில் குளிர்ச்சி. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ரீசெட் செய்யாமல், மெதுவாக, கேபிளைச் செருகினேன்.

டீபக்கர் லைனில் முதலில் அனுப்புவது ஒரே ஒரு கேள்விக்குறிதான். ஏன் நின்றாய் என்று அதற்குப் பொருள். செத்துப்போன போர்டு என்றால் பதில் வராது. இதற்குக் கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. வெளியிலிருந்து நிற்கச் சொன்னார்கள், நின்றேன், அடுத்து என்ன செய்யட்டும் என்று.

போர்டு கெட்டுப்போகவே இல்லை. இத்தனை நேரமும் யாராவது வந்து பேசுவார்களா என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

நடந்தது இதுதான். டீபக்கரோடு பேசுவதற்கென்று ஒரு சின்னத் துண்டு புரோகிராம் போர்டில் உட்கார்ந்து சீரியல் லைனைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு எழுத்து வந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உத்தரவுக்குக் காத்திருக்கும். சூடு பார்ப்பது, ஹீட்டர் போடுவது, அலாரம் அடிப்பது எல்லாம் நின்றுவிடும். டிஸ்ப்ளே மட்டும் கடைசியாகக் காட்டிய நம்பரோடு எரிந்துகொண்டிருக்கும். எங்கள் லேபில் இது சௌகரியம். ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் எடுத்துவிட வேண்டும். எடுக்கவில்லை. கேபிள் இல்லாத கனெக்டரில் லைன் சும்மா தொங்குகிறது. பக்கத்தில் சக்‌ஷன் மோட்டார் எழுப்புகிற இரைச்சல் என்றைக்காவது ஒரு எழுத்து மாதிரி அதில் விழுகிறது. கேபிள் செருகியிருந்தால் லைன் உறுதியாக இருக்கும், அதனால்தான் நான் பார்த்த நாளெல்லாம் ஒழுங்காக ஓடியது.

சந்தோஷத்தில் செழியனுக்குத்தான் முதலில் போன் செய்தேன். மூச்சு விடாமல் எல்லாம் சொன்னேன்.

"அப்ப நீ புது வெர்ஷன் ஏத்தவே இல்லையா?" என்றான்.

இல்லை என்றேன். முதலாளி சாமியப்பன் சாரிடம் பேசிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான். முதல் கேள்வியாக அதை ஏன் கேட்டான் என்று புரியவில்லை. களைப்பாக இருந்திருப்பான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

போர்டை நின்ற நிலையிலேயே வைத்திருக்கிறேன். விசாரணையில் எல்லோரும் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் இன்று ஊர் முழுக்க மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று காலையில் ஆயா சொன்னார். ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் அது எழுந்திருப்பதற்குள் போர்டு செத்துப் பிழைத்துவிடும், எல்லாம் போய்விடும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரிசில்லா சிஸ்டருக்கு போன் செய்தேன். அவர் பில் கவுண்டர் பெண்ணிடம் என்ன பேசினாரோ, அந்தப் பெண் தன் கம்ப்யூட்டரின் யுபிஎஸ்ஸைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். வார்மரின் பெரிய லைனை விட்டுவிட்டு போர்டுக்கு மட்டும் அதிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுத்து முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. போர்டு அசையாமல் நின்றது.

மத்தியானம் முதலாளி சாமியப்பன் சாரே கூப்பிட்டார். "ஏனம்மா மங்கை, கண்டுபிடிச்சது நல்ல காரியம். நம்ம வீட்டுக்குள்ள வெச்சுக்கலாம். புது வெர்ஷன ஏத்தி, மெஷின்ல குறையில்லைனு எழுதிக் குடுத்துரு. ஏத்துனப்புறம் அது உண்மைதானே. அந்தம்மாவுக்கு நம்ம பக்கம் ஒரு ஆஸ்பத்திரில வேலைக்கு நான் சொல்லி வைக்கறேன். நீ சின்னப் பொண்ணு இல்லை, கம்பெனில எத்தனை குடும்பம் இருக்குதுன்னு உனக்கே தெரியும்."

யோசிக்கிறேன் என்று சொன்னேன். பொய். யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது, வாயில் வரவில்லை.

சாயங்காலம் செழியனின் புது வெர்ஷனைத் திறந்து பழையதோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஒரே ஒரு வித்தியாசம்தான். அந்தக் காத்திருக்கும் துண்டை எடுத்திருக்கிறான். வேறு எதையும் தொடவில்லை. அந்த ஃபைலை அவன் முடித்த தேதி போன வருஷம் நவம்பர்.

இந்தக் குழந்தை பிறக்கவே இல்லை அப்போது.

லாட்ஜுக்கு வந்து குளித்தேன். சட்டை துணிகளைத் துவைத்துக் காயப்போட்டேன். நாளைக்குப் போட ஒரு நல்ல சுடிதார் இருக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

விசாரணையை ஸ்டோர் ரூமிலேயே வைக்கும்படி டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அவர், வெளியிலிருந்து வந்த இன்னொரு டாக்டர், குழந்தையின் அப்பா அம்மா. பிரிசில்லா சிஸ்டர் வாசலில் நின்றார். "உள்ளே வாங்க" என்று டாக்டரே சொல்ல வேண்டியிருந்தது.

குழந்தையின் அப்பா சிஸ்டரைப் பார்க்கவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்து நின்றார். அம்மா சின்னப் பெண். குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டாக்டரிடம், "மெஷின் என்ன காட்டுதுங்க?" என்று கேட்டேன்.

"36.5."

"துண்டுக்குள்ள கைய விட்டுப் பாருங்க சார்."

விட்டார். எடுத்தார். மறுபடி விட்டார். அவர் முகம் மாறுவதை எல்லோரும் பார்த்தார்கள். "இது எப்ப இருந்து இப்படி?" என்றார்.

"திங்கக்கிழமையில இருந்துங்க. யாரும் எதையும் அணைக்கலை."

கேபிளை மறுபடி செருகினேன். ஏன் நின்றாய் என்று கேட்டேன், அது சொன்ன பதிலைத் தமிழில் படித்துக் காட்டினேன். பிறகு போ என்று கட்டளை கொடுத்தேன். அடுத்த நொடி டிஸ்ப்ளே 36.5-லிருந்து சரிந்து 28-க்கு வந்தது. அலாரம் அலறியது. ஹீட்டர் சிவந்து எரிய ஆரம்பித்தது. குழந்தையின் அம்மா பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தாள்.

இது எங்கள் கம்பெனி செய்த தவறு, சிஸ்டர் ஆஃப் செய்ததும் எங்கள் ஆட்கள் சொல்லித்தான் என்று நான் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். வெளி டாக்டர், இதே வார்மர் வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அத்தனை ஆஸ்பத்திரிக்கும் தகவல் போக வேண்டும், போகாவிட்டால் நானே அரசாங்கத்துக்கு எழுதுவேன் என்றார். எனக்கு அது பெரிய உதவி. இனி சாமியப்பன் சார் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது.

குழந்தையின் அப்பா பிரிசில்லா சிஸ்டர் முன்னால் வந்து நின்றார். கையைக் கூப்பப் போனார். சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். "எம் பிள்ளைக்கு என்னமும்னா எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்" என்றார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, "நாளைக்குப் பகல் டியூட்டி யாருக்கு?" என்று கேட்டார். டாக்டர், "உங்களுக்குத்தான் சிஸ்டர்" என்றார்.

பஸ் ஏற்றிவிட வந்த சிஸ்டர் என் கன்னத்தைத் தடவி, "அந்த போன்காரன் வேண்டாம் பிள்ள" என்றார். நான் அவரிடம் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கம்பெனியில் யாரும் என்னோடு பேசவில்லை. டீ குடிக்கக்கூடக் கூப்பிடவில்லை. சாமியப்பன் சார் ஒரே வார்த்தையில், எல்லா ஆஸ்பத்திரிக்கும் நீயே பேசிவிடு என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பேசி முடித்த பிறகு எனக்கு இங்கே வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

செழியன் மேஜைக்கு வந்தான். "நான்தான் சரி பண்ணி வெச்சிருந்தேன்ல மங்கை. அந்தத் துண்ட எடுத்துட்டேன்ல. சர்வீஸுக்கு வர்ற மெஷின்ல ஒண்ணொண்ணா மாத்திக்கலாம்னு இருந்தேன். வெளிய சொன்னா கம்பெனியே போயிரும்."

"அந்தம்மா வேலை போயிருக்கும்."

"அது நடக்கும்னு நான் நெனைக்கல."

கத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். அவனை எனக்குப் பிடிக்கும். அதை இத்தனை வருஷத்தில் இந்த நோட்டில்கூட ஒரு தடவை எழுதியதில்லை. எழுதுகிற நாளா இது.

ஆகஸ்ட் 17, சனி

காலையிலிருந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக போன். மெஷினில் கேபிள் இல்லாத கனெக்டர் இருக்கிறது, வார்மரை உபயோகிக்காதீர்கள், ஆள் வருவார், வேறு வழியில்லாமல் போட்டாலும் நம்பரை நம்பாமல் குழந்தையைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வறண்டுவிட்டது. பெரும்பாலானவர்கள் சரி மேடம் என்று வைத்துவிட்டார்கள்.

தர்மபுரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் எடுத்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"மேடம், போன ஐப்பசில இங்க இதே மாதிரி ஒண்ணு ஆச்சி."

"குழந்தைங்க?"

"குழந்தை பொழைச்சிக்கிச்சி. வாசுகின்னு ஒரு பொண்ணு டியூட்டில இருந்தா. அணைச்சிட்டுப் பொய் சொல்றான்னு அனுப்பிட்டாங்க. நம்பர் சரியாத்தான் காட்டுச்சின்னு அழுதா. நாங்க யாருமே நம்பல. உங்க கம்பெனிலருந்து ஒரு சார்கூட வந்து பார்த்துட்டு, மெஷின் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு."

அந்த சாரின் பெயரை நான் கேட்கவில்லை. ஐப்பசி முடிந்தால் நவம்பர் பாதி. செழியன் அந்த ஃபைலை முடித்த மாதம்.

"வாசுகி இப்ப எங்கீங்க இருக்காங்க?"

"ஓசூர்ல ஏதோ கம்பெனில பேக்கிங் வேலைக்குப் போறா மேடம். அதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரியும் எடுக்கல."

நம்பர் வாங்கினேன். வாங்கிவிட்டு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். என்னவென்று ஆரம்பிப்பது, எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பது. கடைசியில் பிரிசில்லா சிஸ்டருக்கு போன் செய்தேன். டியூட்டியில் இருந்தார், பின்னால் ஒரு குழந்தை வீல் என்று கத்திக்கொண்டிருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"மன்னிப்பெல்லாம் பெறகு கேட்டுக்கிடலாம்" என்றார். "மொதல்ல 'நீ அணைக்கலை'ன்னு அவகிட்டச் சொல்லுங்க. ஊரே சொல்லிச் சொல்லி, நாமதான் அணைச்சிட்டமோன்னு அவளுக்கே தோணியிருக்கும் இந்நேரம். எனக்கு ஒரு மாசத்துலயே தோணிட்டு."

கூப்பிட்டேன். ஏதோ மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் ஒரு பெண் குரல் எடுத்தது.

"வாசுகிங்களா?"

"ஆமா, யாரு?"

"வார்மர் கம்பெனிலருந்து பேசறனுங்க. அன்னிக்கு மெஷின் தானாத்தான் நின்னுச்சு. நீங்க அணைக்கலைங்க."

சத்தத்தை விட்டு அவள் எங்கேயோ தள்ளி நடந்துபோவது தெரிந்தது. ஒரு கதவு சாத்தியது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.